பதினேழாம் செடி

உலகத்தில் கலப்பே இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது, சார். அது என் மொட்டைமாடியில் இருந்தது. தேள்கொடுக்கு மிளகாய். நுனி வளைந்திருக்கும். கடித்ததும் இனிக்கும், பத்து எண்ணுவதற்குள் கண்ணில் நீர் முட்டும். கடையில் பாக்கெட் விதை வாங்குகிறவர்களை நான் மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

போன வருடம் பக்கத்து மாடியில் குடைமிளகாய் வைத்தார்கள். தேனீக்கு ஏது வேலி? இந்த வருடம் முளைத்த பதினேழு செடிகளில் எது அசல் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நாக்குக்குத்தான் தெரியும். என் நாக்கு ஒரு காய்ச்சலில் செத்துப்போனது. என் மனைவி அந்த மிளகாயைத் தின்றே வளர்ந்தவள். விதையே அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்ததுதான்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நாக்கை மட்டும் அனுப்பி வச்சிருப்பேன்ல?" என்று சிரித்துக்கொண்டேதான் கடித்தாள். முதல் ஐந்தும் அடியில் கசக்கிறது, கலப்பு என்றாள். அதற்குள் வயிற்றில் புண். காரத்தின் வாசனைகூடப் படக்கூடாது என்றார் டாக்டர்.

"இனிமே என்னை விட்டுடுங்க. செடி போனா போகுது."

நான் வீட்டில் சத்தம் போடுகிறவன் இல்லை. மறுநாளிலிருந்து சமையலை நானே பார்த்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். ஒரு நாளைக்கு ஒரு செடி. அவள் தட்டில் மட்டும் ஒரு சிட்டிகை.

"என்னங்க, காரமா இருக்கே?"

"மருந்து சாப்பிட்டா நாக்கு அப்படித்தான் இருக்கும்."

"அடியில கசக்குது வேற."

கசந்த செடிகளைப் பிடுங்கினேன். பதினாறு வரை எல்லாமே கசந்தன. பதினேழுதான் கடைசி நம்பிக்கை.

அன்றைக்கு ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏன் அரை மணி நேரம் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இனித்ததா, கசந்ததா என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நினைவு தப்பிவிட்டால் கேட்க முடியாது, பாருங்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

பதில் இல்லாத செடி சந்தேகச் செடி. அதையும் பிடுங்கி எரித்தேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நீங்கள் கதவைத் தட்டியபோது, கடைப் பாக்கெட்டைப் பிரித்து விதைக் குப்பியில் கொட்டி, மேலே 'தேள்கொடுக்கு' என்று எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல விதைதான், சார். இல்லை என்று சொல்ல யாரும் இல்லை.