குரூப் லீடர்

அஜ்மானிலிருந்து துபாய் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரே கம்பெனிச் சட்டையில் இருவர். இளையவர்தான் ஆரம்பித்தார்.

“இங்கிலீஷ் கிளாஸ் பயமில்லண்ணே. குரூப்பா உக்கார வைக்கிறாங்களே, அதான் பயம்.”

“நாலு பேரோட பேசினாத்தானடா வரும்?”

“நாலாவது ஆளு நம்ம சூப்பர்வைசர்ண்ணே. வேலையில என்ன கஷ்டம்னு ஆளாளுக்குச் சொல்லணும்னாங்க மிஸ்.”

“நீ என்ன சொன்ன?”

“பேச வந்துடுச்சேங்கிற சந்தோஷத்துல, வெயில்ல தண்ணி குடிக்கக்கூட விடமாட்டேங்கிறாங்கன்னு சொல்லிட்டேன். மிஸ் கை தட்டினாங்க.”

“சூப்பர்வைசரு?”

“அவருதான் குரூப் லீடரு. எழுதிக்கிட்டாரு.”

“கிளாஸ் நோட்டுலதானே?”

“இல்லண்ணே. நாளைக்கு யாருக்கு எந்த சைட்டுன்னு எழுதுவாரே, அந்த நோட்டுல.”