நூறா, இருநூறா: சங்கு ஊதும்வரை சில சொற்கள்

விதிகளை மாற்றி மாற்றி விளையாடும் இம்மன்றத்தின் தலைவர், நாங்கள் நாற்காலியை மறந்தாலும் தாம் மறவாத பெருந்தகை, பிரெஞ்சு மரியாதையோடு நாம் 'முசியே' என்றழைக்கும் ஜானகிராமன் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோரே! மூன்று மணிக்கே வந்து மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்த தாய்மார்களே! ஒலிபெருக்கி தந்த வடிவேல் அவர்களே! தங்களுக்குரிய நன்றியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், காரணம் உண்டு. அனைவரையும் தனித்தனியே வணங்குகிறேன்.

'விஷயத்துக்கு வாண்ணே!' என்கிறார் பின்னால் ஒரு தம்பி. வருகிறேன் தம்பி, நடந்துதான் வருகிறேன்.

புதிதாக வந்தோருக்கு ஆட்டத்தைச் சொல்கிறேன். முறை வந்தவர் தாயக்கட்டை உருட்டி, விழுந்ததைத் தம் புள்ளிகளோடு கூட்டிக்கொள்வார். பிறகு ஏதேனும் ஒரு விதிக்குத் திருத்தம் முன்மொழிவார். பெரும்பான்மையினர் கைதூக்கினால் அது சட்டம். நூறு புள்ளியை முதலில் எட்டுபவர்தான் அடுத்த தலைவர்.

சேதராப்பட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் கார்குழலி எடுத்திருப்பது தொண்ணூற்றொன்பது. இப்போது தலைவரின் முறை, அடுத்தது கார்குழலியுடையது. இந்த நேரம் பார்த்துத்தான், வெற்றிக்கோட்டை இருநூறாக்கத் தலைவருக்குத் தோன்றியிருக்கிறது. என்ன பொருத்தம்! என்ன பொறுப்பு! என்ன பொதுநலம்!

போன வருடம் கோடு ஐம்பதில் இருந்தது. கார்குழலி நாற்பத்தெட்டைத் தொட்டார். கோடு நூற்றுக்குப் போனது. அன்று தலைவர் ஆறுதல் சொன்னார்: 'ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சிட்டா சுவாரஸ்யம் இருக்காதும்மா.' கார்குழலி கேட்டார்: 'ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சேன்னு பஸ்ஸுக்கு ஓடியாறேன். நீங்க ஸ்டாப்பத் தூக்கிக்கினு ஓடறீங்களே, சார்!'

விதியை மாற்றுவது இந்த ஆட்டத்தின் அழகு. ஆனால் ஒருவர் வெல்லப்போகும்போதெல்லாம் மாற்றினால்? அந்த ஒருவருக்காகவே மாற்றினால்? அதற்குப் பெயர் விளையாட்டா, விரட்டலா?

மணியடிக்கிறீர்கள், தலைவரே. இனிய ஓசை. ஆனால் பதினோராம் விதி என்ன சொல்கிறது? மைக் பிடித்தவர் நன்றி கூறி முடிக்கும்வரை அவரை நிறுத்தக் கூடாது, வாக்கெடுக்கவும் கூடாது. தங்கள் ஒன்றரை மணி நேர உரையை யாரோ இடைமறித்த வருத்தத்தில் தாங்களே கொண்டுவந்த விதி. நானும் கைதூக்கினேன்.

'அத இப்பவே ரத்து பண்றேன்யா!' என்கிறீர்கள். தாராளமாக! அதற்கும் வாக்கெடுக்க வேண்டும். வாக்கெடுக்க நான் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லையே!

பன்னிரண்டாம் விதி: ஆறு மணிக்கு மில் சங்கு ஊதுவதற்குள் வாக்கெடுக்காத திருத்தம் செத்தது, ஆட்டம் அடுத்தவருக்குப் போகும். அதுவும் தங்கள் கைவண்ணம். எங்கள் திருத்தங்களையெல்லாம் பேசிப் பேசியே சாகடித்த கைவண்ணம்!

'வீராம்பட்டணத்துத் தேரே நிலைக்கு வந்துடும், இந்த ஆளு வரமாட்டான் போலக்குதே' என்கிறார் முன்வரிசைப் பார்வதியம்மா. வந்துவிட்டேன், அம்மா. மணி ஆறாக அரை நிமிடம்.

இதோ... கேட்கிறதா? ஊதிவிட்டது சங்கு!

கார்குழலி, கட்டையை எடுங்கள். எது விழுந்தாலும் போதும். முசியே, எழுந்து அந்த நாற்காலியைக் கொஞ்சம் துடைத்துவிடுங்கள். வடிவேல் அவர்களே, உங்களுக்கும் இந்த அவைக்கும் நன்றி. வரப்போகும் தலைவரே, உங்களுக்கு என் முதல் வணக்கம்!