ஆயுள் பாக்கி

பெங்களூர்க் காற்று உடம்புக்கு ரொம்ப நல்லது, இன்ஸ்பெக்டர் சார். ரிட்டயர் ஆனவர்கள் எல்லோரும் அதற்காகத்தானே கண்டோன்மென்ட் பக்கம் வீடு பார்க்கிறார்கள். எங்கள் கூரை ஓட்டுக் கம்பெனிக்குத்தான் அந்தக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

சூளை கட்டப் பணம் போதாதபோது, ஹெட் அக்கவுண்டன்ட் என்ற முறையில் நான்தான் ஒரு வழி சொன்னேன். வயதானவர்களிடம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்குவது. அசலைத் திருப்பித் தர வேண்டாம். உயிரோடு இருக்கும் வரை மாதம் பத்து ரூபாய் கொடுத்தால் போதும். இருபது பேர் சேர்ந்தார்கள்.

ஒவ்வொருவரும் பத்து வருஷம் இருப்பார் என்று வைத்து, அவர்களுக்குத் தர வேண்டியதைக் கம்பெனிக் கணக்கில் கடனாக எழுதினேன். வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்து, 1915இல் பூஜ்யமாக்கினேன். கடன் முடிந்தது. ஆட்கள் முடியவில்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்த மிஸ் பவுலின் எழுபது வயதில் தினமும் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தார். ரயில்வே கார்டாக இருந்த ஆம்ப்ரோஸுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தீபாவளிக்கு மைசூர்பாகு அனுப்புவேன்.

போன வருஷம், 1918இல், மதராஸிலிருந்து புது ஆடிட்டர் வந்தார்.

"கடனே இல்லேன்னு எழுதியிருக்கீங்க. அப்போ மாசாமாசம் யாருக்குப் பணம் போறது?"

"அதெல்லாம் செலவு, சார்."

"உயிரோட இருக்கற வரைக்கும் குடுத்தே ஆகணும்னா அது கடன்தான், மிஸ்டர் ஆராவமுதன். இன்னும் எத்தனை வருஷம் இருப்பாங்கன்னு பார்த்து, முழுசா எழுதுங்க. முதல்ல, எத்தனை பேர் இருக்காங்கன்னு நேர்ல பார்த்துக் கையெழுத்து வாங்குங்க."

எழுதிப் பார்த்தேன். கம்பெனியின் மூலதனம் பாதிக்கு மேல் கரைந்தது. அப்படி ஒரு கணக்கைக் காட்டினால் புதுச் சூளைக்கு வங்கி கடன் தராது. இருநூறு கூலிக்காரர்கள் வேலையை இழப்பார்கள். அவர்களையும் யாராவது நினைக்க வேண்டாமா?

அக்டோபர் மாதம் அந்த இன்ஃபுளுயன்சா காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கூட்டம் கூட வேண்டாம் என்று தமுக்கு அடித்தார்கள். வழக்கமாக எங்கள் பியூன்தான் வீடு வீடாகப் போய்ப் பணம் கொடுப்பான். அந்த மாதம் மட்டும் எல்லோரும் ஒரே நாளில் ஆபீசுக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஆடிட்டர் சொன்னதைத்தானே செய்தேன்.

கையெழுத்து வாங்க என் குமாஸ்தா ரங்காவை உட்கார வைத்தேன். காலையிலேயே அவன் என் அறைக்கு வந்து நின்றான்.

"சார், லீவு குடுங்க. உடம்பு கொதிக்குது. இருமல் வேற."

"உட்கார்ந்து பண்ற வேலைதானேப்பா. மத்தியானம் போயிடலாம்."

எல்லோரையும் உட்கார வைத்தது ஓடுகளைப் பார்வைக்கு வைக்கும் அறையில், சிறியது. சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொன்னேன். நெரிசல்தான், ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆம்ப்ரோஸைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த அவர் மகள் பிரிஜெட், ரங்கா நடுங்குவதைப் பார்த்துத் தன் சால்வையை அவன் மேல் போர்த்திவிட்டாள். "நீ நகரு தம்பி, நான் எழுதறேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். நல்ல பெண். நான் என் அறையில், யூகலிப்டஸ் தைலம் நனைத்த கைக்குட்டையோடு, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சலின் குணம் எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அது கிழவர்களைத் தொட்டுவிட்டுப் போனது, வாலிபர்களைத்தான் பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் ரங்கா போனான். அடுத்த வாரம் பிரிஜெட். துணைக்கு வந்த மகன்கள், மருமகள்கள் என்று இன்னும் ஐந்து பேர். பணம் வாங்குகிற இருபது பேரில் ஒருவர்கூடக் குறையவில்லை.

மறு மாதம் யாரும் கூப்பிடாமலே மிஸ் பவுலின் ஆபீசுக்கு நடந்து வந்தார்.

"இன்னும் இருக்கேன், மிஸ்டர் ஆராவமுதன். எங்கே கையெழுத்துப் போடணும்?"

அவர் போன பிறகு, கைத்தடியோடு ஆம்ப்ரோஸ் தனியாக வந்தார்.

"ஐயங்கார் சார், அன்னிக்கு நீங்க மட்டும் ஏன் அந்த ரூமுக்குள்ள வரல?"

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னதும், காய்ச்சல் என்று தெரிந்தே ரங்காவை உட்கார வைத்ததும் நான்தான் என்றேன். பணம் வாங்குகிற உங்களை உத்தேசித்துத்தான் செய்தேன், பிரிஜெட்டை அல்ல என்றும் அவரிடம் சொன்னேன். அவளுக்கு ஒரு கெடுதலும் நான் நினைத்ததில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவருடைய பத்து ரூபாய் ஒரு மாதம்கூடத் தவறாது என்றும் வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் அவர் ஏன் நேராக உங்களிடம் வந்தார் என்பதுதான், சார், எனக்கு இன்னும் விளங்கவில்லை.