என் மெஷின் சத்தம் போடாது

மரம் அறுக்கும் மெஷினுக்கு எண்ணெய் விடுவதில் ஆட்கள் இரண்டு விதமாகத் தப்புச் செய்வார்கள். ஒன்று, விடவே மாட்டார்கள். இல்லையென்றால் குடம் குடமாக ஊற்றிவிடுவார்கள். அதில் மரத்தூள் ஒட்டிக் களிம்பாகிவிடும். மூட்டுக்கு ஒரு சொட்டு போதும். விட்டு, சிறிது நேரம் சும்மா ஓடவிட்டு, வழிந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்வேன். அதனால்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உங்களிடம் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது, ஐயா.

"அது போடுற சத்தத்துல பக்கத்துல குண்டு வெடிச்சாலும் கேக்காதுங்க" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். "பாவம், இவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். நல்ல மனதோடு செய்ததுதான். இருந்தாலும், ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. என் அண்ணன் விழுந்து இறந்ததற்கு என் மெஷினின் சத்தம் காரணம் என்று முடிவு கட்டிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதைத் திருத்தத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

நான் பல்செட் செய்கிறவனாக இருந்தேன். ஊரில் பாதிப் பேர் என் கைவேலையில்தான் சிரித்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்கவில்லை. ஸ்க்ரோல் சா ஒன்று வாங்கினேன். நூல் மாதிரி மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடும். அது நின்ற இடத்தில் நிற்கும். பலகையைத்தான் நாம் திருப்ப வேண்டும். பூ, கொடி, இலை, எழுத்து, எதை வேண்டுமானாலும் அறுக்கலாம். வாங்கிய புதிதில் அதுவும் லொடலொடவென்றுதான் ஆடியது. மேசையோடு இறுக்கிப் போல்ட் போட்டேன், காலடியில் ரப்பர் வைத்தேன், தேய்ந்த பேரிங்கை மாற்றினேன். அதன் பிறகு ஓடுகிற மெஷினின் தட்டில் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் அப்படியே நிற்கும். நம்பாவிட்டால் வந்து பாருங்கள்.

பிறகு அண்ணன் வந்தார். அண்ணிதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி இறந்த மறு வருடம் அண்ணனுக்கு வாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அவர் மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். நான் கல்யாணம் ஆகாதவன், வீடு காலி, மனிதனும் காலி. வேறு யார் பார்ப்பார்கள்? நானே கூட்டிவந்தேன். இதையும் மனதில் வையுங்கள்.

அண்ணன் வாழ்நாளெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். யாருடைய வண்டியில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். கட்டிலில் படுத்த பிறகும் அந்தக் கால் அடங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் பால் காய்ச்சினால் "மெதுவா, மெதுவா." கதவைச் சாத்தினால் "பாத்து, பாத்து." அவர் அறைக்கும் என் மெஷின் அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர், அதிலும் மேலே காற்றுக்காக விட்ட திறப்பு. நான் பிளேடு மாட்டி, இழுவிசையைச் சரிபார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் வளைவில் நுழைவேன். சொல்லி வைத்தாற்போல் குரல் வரும்.

"பொடியா!"

அறுபதைத் தாண்டிய மனிதனைப் பொடியன் என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் மனம் வரும்.

"பொடியா, மணி என்னாச்சு?" எதிர்ச் சுவரில் கடிகாரம் இருக்கும். "பொடியா, என் கண்ணாடி எங்க?" நெற்றியில் இருக்கும். "பொடியா, ஒண்ணுமில்ல, இருக்கியான்னு பாத்தேன்." நான் எங்கே போகப் போகிறேன், ஐயா? சந்தைக்குப் போனால்கூட ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருகிறவன்.

உள்பக்கம் அறுப்பது எவ்வளவு தொல்லை என்று உங்களுக்குத் தெரியாது. ஓட்டை போட்டு, பிளேடின் மேல் முனையைக் கழற்றி, அந்த ஓட்டையில் கோத்து, மறுபடி மாட்டி, இழுத்துப் பார்த்து, பிறகுதான் ஓட விட வேண்டும். ஒவ்வொரு இலைக்கும் இதே கூத்து. நடுவில் எழுந்துபோனால் கை பழக்கம் விட்டுப்போகும். இந்த மெஷினை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், பிளேடு அறுத்த தடத்திலேயே நிற்கும் என்பார்கள். நிறுத்தலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு விழும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் போய்விடும், யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே.

மகள் அவருக்காக ஒரு அழைப்பு மணி வாங்கி அனுப்பினாள். தலைமாட்டில் ஒரு பொத்தான், என் அறையில் ஒரு மணி. பொத்தான் கிடைத்ததும் வாயும் ஓயவில்லை, கையும் ஓயவில்லை. அந்த மணியோசையில் தூக்கிவாரிப் போட்டு, நான் அறுத்துக்கொண்டிருந்த ஒரு கொடியின் தண்டு முறிந்தது. பல நாள் வேலை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் அவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேட்டரியை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் வந்து அழுத்திப் பார்த்தபோது மணி அடித்தது. அடிக்கத்தான் செய்யும். ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்கு முன்னால் பேட்டரியைத் திரும்பப் போட்டிருந்தேன்.

இந்த இடத்தில் டாக்டர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க அண்ணனுக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். "விழுந்து தலையில அடிபட்டா, சின்னக் காயம்தானேன்னு இருந்துடாதீங்க. எவ்வளவு சீக்கிரம் கொண்டுவர்றீங்களோ அவ்வளவு நல்லது" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். புரிந்ததா என்றும் கேட்டார். புரிந்தது என்றேன்.

அவர் விழுந்த அன்று மதியம் சாப்பாடு ஆன பிறகு அவரைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முறிந்ததற்குப் பதிலாக மறுபடி முதலிலிருந்து அறுத்த பலகை. அவர் மகளின் புது வீட்டுக்கான தடுப்புதான் அது, வேறு யாருக்கோ இல்லை. கொடி முடிந்து, ஓரத்து இலைகள் முடிந்து, நடுவிலிருந்த பெரிய இலை மட்டும் பாக்கி. அதன் நுனிக்குப் பிளேடு திரும்பும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சரிந்து விழுந்தது. நடைக்கோல் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

"பொடியா."

நான் பலகையைத் திருப்பினேன்.

"பொடியா, விழுந்துட்டேன்டா."

வழக்கமான குரல்தான் என்று என்னையே நம்ப வைக்கப் பார்த்தேன். ஆனால் வழக்கமாக முதல் எழுத்தில் அதிகாரம் இருக்கும், டிரைவிங் வாத்தியாரின் குரல். இதில் அது இல்லை. தரையோடு ஒட்டி வருகிற குரல். கொஞ்சம் வெட்கப்பட்ட குரலும்கூட. பாதி இலை பாக்கி இருந்தது. பாதி இலையோடு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. எத்தனை தடவை எழுந்து போயிருப்பேன், எத்தனை தடவை "ஒண்ணுமில்ல" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

இலையை முடித்தேன். நன்றாக வந்தது. மேடு எதுவும் இல்லை. பிறகு பிளேடைத் தளர்த்தினேன். இழுத்தபடியே விட்டால் அதன் உயிர் போய்விடும். தூளைத் துடைத்தேன். மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டேன். வேலை முடிந்த சூட்டோடு செய்ய வேண்டிய வேலைகள் இவை. தள்ளிப்போட்டால் மெஷின் கெட்டுவிடும். நடுநடுவே அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

போய்ப் பார்த்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தார். பின்மண்டையில் காயம், தரையில் ரத்தம். நினைவு தெளிவாக இருந்தது.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"மெஷின் ஓடிட்டு இருந்துச்சுண்ணா. அந்தச் சத்தத்துல கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, நம்ப மாட்டீர்கள், சிரித்தார். "உன் மெஷினுக்கு ஏதுடா சத்தம்? அது ஓடுறதே தெரியாதேடா. மககிட்டகூடச் சொல்லிருக்கேன், பொடியன் மெஷின் பூனை மாதிரின்னு."

என் மெஷினின் அருமை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உடனே, நான் சொன்ன பொய் அவரிடம் நிற்கவில்லை என்பதும் உறைத்தது.

போன் என் மேசைமேல் இருந்தது. எடுக்கத்தான் போனேன், இது சத்தியம். கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே எப்போது விழுந்தார் என்பதாக இருக்கும். அண்ணனே பதில் சொல்வார். மகள் வருவாள், அவளிடமும் சொல்வார்: கூப்பிட்டேன், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான் என்று. அந்தப் பெண் என்னைச் சித்தப்பா சித்தப்பா என்று உயிரை விடுகிறவள். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

போனைக் கீழே வைத்தேன்.

அவர் மறுபடி கூப்பிட்டார். இப்போது குரல் சன்னமாக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை, ஐயா, நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மெஷினைப் போட்டேன். பலகை எதுவும் வைக்கவில்லை, சும்மாதான் ஓடியது. அதுதான் பூனை மாதிரி ஆயிற்றே, எந்தக் குரலை மறைக்கும்? ஆகவே ஸ்பானரை எடுத்து மேசையோடு பிணைத்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். ரப்பரையும் உருவினேன். வேகத்தைக் கடைசிவரை திருப்பினேன். மேசையே கடகடவென்று ஆடியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தையல்காரம்மா கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது என் மெஷினின் சத்தம் இல்லை, நான் போட வைத்த சத்தம். இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரிய வேண்டும்.

அவ்வப்போது நிறுத்திக் காது கொடுப்பேன். குரல் இருந்தால் மறுபடி போடுவேன். ஒரு தடவை நிறுத்தியபோது எதுவும் இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. ரப்பரைச் சரியாக வைத்து, போல்ட்டுகளை இறுக்கி, பேட்டரியை மணியில் போட்டு, பிறகு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அந்த ஆட்டத்தில் பேரிங் அடிபட்டிருக்குமோ என்று இன்னும் உறுத்தல் இருக்கிறது.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மகள் நேற்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க சித்தப்பா. உங்கள விட்டா அப்பாவுக்கு யாரு இருந்தா? எல்லாம் அந்தப் பாழாப்போன மெஷினால வந்தது. அதை மொதல்ல பழைய இரும்புக்குப் போடுங்க." நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு தப்பும் செய்யாத பொருளைப் பிடித்துத் திட்டுகிறார்கள், அதுவும் நான் இருக்கும்போதே. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே போனைக் கீழே வைத்தவன் நான். கையெழுத்து எங்கே என்று சொன்னால் போடுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள், மகள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அண்ணன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அன்றைக்கு அவர் மட்டும் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்காமல் இருந்திருந்தால், நானே எழுந்துபோய்ப் பார்த்திருப்பேன்.