தீப்பெட்டி

பாக்கியமேரி: வாயத் தெற செங்கேணி... நாக்க நீட்டு. ம்... இன்னா வாசன இது?

செங்கேணி: கருவாட்டுக் கொழம்பு, நர்ஸம்மா.

பாக்கியமேரி: கருவாடு எனக்குத் தெரியாதா? இது பீடி.

இருசப்பன்: அது... நான் பிடிக்கிறது, நர்ஸம்மா. பக்கத்துல குந்திக்கினு கீறேன் இல்ல?

பாக்கியமேரி: நீ பிடிச்சா உன் பொண்டாட்டி வாய் எப்பிடிய்யா நாறும்?

செங்கேணி: ஐய, இன்னா நர்ஸம்மா நீ... அவர வெச்சிக்கினு...

பாக்கியமேரி: வெக்கம் வேறயா! எட்டு மாசம் ஆவுது, வயிறு ஆறு மாசத்து வயிறாட்டம் கீது. ஒரு நாளைக்கு எத்தினிய்யா?

இருசப்பன்: பத்து.

செங்கேணி: மூணுதான்!

பாக்கியமேரி: வர்றப்பவே பேசி வெச்சிக்கினு வரக் கூடாதா? சரி, யாரு பிடிச்சாலும் கேட்டுக்கோங்க. புள்ளத்தாச்சி ஒடம்புல புகை போனா, வயித்துல கீற புள்ளைக்கு மூச்சும் சத்தும் கொறையும். நாளுக்கு முன்னாடியே பொறக்கும். சின்னதா பொறக்கும்.

செங்கேணி: சின்னதா பொறந்தா நல்லதுதான... சுளுவா வரும்.

பாக்கியமேரி: யாருடி சொன்னா?

செங்கேணி: நடவுல... பொம்பளைங்க பேசிக்கினாங்க.

பாக்கியமேரி: நல்லா பேசினாங்க! பால் இழுக்கக்கூட தெம்பில்லாம வரும். நஞ்சுக்கொடி முன்னாடியே கழண்டுக்கினா ரத்தம் கொட்டும். புள்ளையும் போவும், தாயும் போவும்.

இருசப்பன்: தாயுமா?... இவளுக்குமா ஆவும்?

பாக்கியமேரி: ஆவும்யா.

செங்கேணி: இன்னியோட வுட்டா... இந்தப் புள்ள தங்குமா?

பாக்கியமேரி: இப்ப வுட்டாலும் நல்லதுதான். வலி எடுத்த ஒடனே வண்டி கட்டிக்கினு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். போன தபா மாதிரி வூட்லயே கெடக்கக் கூடாது. யோவ், நீயும் வூட்ல பிடிக்காத. அந்த பீடிக் கட்ட இப்பிடிக் குடு... தீப்பெட்டி?

இருசப்பன்: தீப்பெட்டியா... அது என்கிட்ட இல்ல.

பாக்கியமேரி: பத்து பிடிக்கிற ஆளு, தீப்பெட்டி இல்லியா?

செங்கேணி: என் மடியில கீது. இந்தா.

பாக்கியமேரி: அப்ப நீ பிடிக்கிறது இல்லியாய்யா?

இருசப்பன்: நான் ஒரு இழுப்புகூட இழுத்ததில்ல, நர்ஸம்மா. போன தபா புள்ள பெருசு... ரெண்டு நாள் கத்துனா. செத்துதான் வந்துச்சி. இந்த தபா இவளாவது பொழைக்கட்டும்னு... இவ வேணாம், கொமட்டுதுன்னு அழுதா. நான்தான் தெனம் மூணு எண்ணிக் குடுத்தேன்.