மூன்றாம் கட்டிலின் விரிப்பு

வார்டில் என்னை வாளியக்கா என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு, இரண்டாவது அறை. பிரசவ வார்டில் இருபத்தாறு வருடமாக ஆயா. வலியோடு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் எனிமா கொடுப்பது என் வேலை. வயிறு காலியானால் பிரசவம் சுலபம், விரிப்பும் கெடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஆறு மாதம் முன்பு புதிதாக வந்த டாக்டரம்மா எங்களைக் கூட்டி, எல்லோருக்கும் எனிமா வேண்டாம், அதனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு பலனும் இல்லை என்றார். அதன் பிறகு பெரிய நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க. விரிப்ப அலசுறது யாரு, அவங்களா?" என்றார். அலசுவது நான்தான். அதனால் நிறுத்தவில்லை.

சம்பவத்தன்று காலை பத்து மணிக்குத் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி, இரண்டாவது பிரசவத்துக்கு, நாத்தனாரோடு வந்து மூன்றாம் கட்டிலில் சேர்ந்தாள். எனிமா வேண்டாமே என்று கெஞ்சினாள். முரண்டு பிடிக்காதே என்று அதட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தாள். அதன் பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, முக்கணும்போல இருக்கு. கொழந்த வருதுக்கா" என்றாள்.

எனிமா கொடுத்தால் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையின் தலை இறங்கினாலும் வெளிக்கு வருவது போலத்தான் இருக்கும். இருபத்தாறு வருடத்தில் இதுகூடவா எனக்குத் தெரியாது? தெரிந்தும் நர்ஸைக் கூப்பிடாமல், "மருந்து வேல செய்யுது, போய் உக்காரு" என்று கழிப்பறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நாலாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்றப் போனேன்.

அதன் பிறகு நாத்தனாரின் அலறல் கேட்டு ஓடினேன். பிள்ளை சிமெண்டுத் தரையில் கிடந்தது. பெண் பிள்ளை. டாக்டரம்மா அரை மணி நேரம் போராடிப் பார்த்தார், பிழைக்கவில்லை. தாய் அழவில்லை. என்னைப் பார்த்து, "சொன்னேனேக்கா" என்றாள்.

அதன் பிறகு பெரிய நர்ஸ், "எனிமா குடுக்கலன்னு சொல்லிடு, தப்பிச்சுக்கலாம்" என்றார். நேராக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

யாரும் மிரட்டவில்லை, நானாகச் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்ததால் சேர்க்கச் சொன்னேன். மூன்றாம் கட்டிலின் விரிப்பு நான் காலையில் விரித்தபடியே, ஒரு கறையும் இல்லாமல் இருந்தது.

(இடது கைப் பெருவிரல் ரேகை)