பிரவீன் சேர்த்த மணிகள்

மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வாசலில் காயப் போட்டால் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும். காக்கையை நம்ப முடியாது. எங்கள் ஒலக்கூர் பக்கம் மனுஷனையும் நம்ப முடியாது. அதனால்தான் அன்று மதியம் முழுக்க நான் வாசலை விட்டு நகரவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா.

என் மகன் சகாய பிரவீன் ராணுவத்தில் லாரி ஓட்டினான், சிக்கிம் பக்கம். அங்கே மலையில் சாமியாடிகள் மார்பில் குறுக்காக மணி கட்டிக்கொண்டு ஆடுவார்களாம். அந்தப் பழைய மணிகளைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பதில் அவனுக்குப் பைத்தியம். லீவில் வந்தால் தெருமுனையிலேயே "யப்பா" என்று குரல் கொடுப்பான். பிறகுதான் பைக்குள் மணிச் சத்தம் கேட்கும். ஆவி வந்தால் இது தானாக ஆடும் என்று சொல்லிச் சிரிப்பான். நாங்கள் வேதக்காரர்கள். நானும் சிரித்தேன்.

லாரியோடு அவனும் பள்ளத்தில் விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு சிரிக்கவில்லை. மணிகளைக் கயிற்றில் கோத்து அவன் அறையில் தொங்கவிட்டேன். அவன் வந்தால் தெரிய வேண்டுமே.

மருமகள் ஜாக்குலின் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்தாள். மணிகளையும் அவிழ்க்கப் போனாள்.

"மணிய வெச்சிட்டுப் போ" என்றேன்.

"அவரு எனக்குக் குடுத்தது மாமா. இன்னும் எத்தினி நாளு வருவாரு வருவாருன்னு இதையே பாத்துக்கினு உக்காந்திருக்கறது?"

பையைப் பிடுங்கிக்கொண்டு அந்த அறைக் கதவை வெளியில் பூட்டினேன். கோபம் தணியட்டும் என்றுதான். உள்ளே அழுதாள். அழுதால் அவளுக்கு வீசிங் வரும். வாயில் வைத்து அடிக்கிற மருந்து பைக்குள் இருந்தது. பை என் மடியில் இருந்தது.

அழுகை நின்றது. மணி ஆடியது, பலமாக. பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பெரியப்பா, உள்ள மணி இந்த ஆட்டம் ஆடுது?"

"பிரவீன் வந்திருக்கான். புருஷன் பொண்டாட்டி பேசிக்கினு இருக்காங்க. நீ போ."

பாவம் கிழவன் என்று பார்த்துவிட்டுப் போனாள். மணி மெதுவாகி நின்றது. மல்லாட்டையைப் புரட்டிவிட்டேன். பொழுது சாய்ந்ததும் அள்ளி மூட்டை கட்டிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். மூச்சில்லாமல் கிடந்தாள். மணிக் கயிறு அவள் கையில் சுற்றியிருந்தது.

மகன் வந்து கூட்டிப் போய்விட்டான் என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லத்தான் வந்தேன்.

ஆனால் மணி ஆட ஆரம்பித்தபோதே நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன் ஐயா. தெருமுனையில் யாரும் "யப்பா" என்று கூப்பிடவில்லை.